படத்தின் கீழே ஒரு பெயர்

பொகவந்தலாவையிலே புனித மரியாள் தேவாலயம் என்றொரு சிறு தேவாலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்திலே சார்ள்ஸ் ஹே கமரன் என்பவரும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். கணவரின் பெயரை இந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் அறிவர். 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களை மனனஞ் செய்யாமல் வரலாற்றுப் பாடத்தைக் கடந்தவர் நம்மில் எவருமில்லை. மனைவியின் பெயரை நம்மிடையே அறிந்தவர் சிலரே. ஆயினும் உலகத்தின் பெரிய கலைக்கூடங்களிலே இன்று நின்று நிலவுவது அந்த மனைவியின் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலையை எழுதப் புகும் எவரும் அவரை விலக்கி எழுதிவிட முடியாது.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையிலே கண்காட்சியொன்று நடந்தது. “எங்கள் பிரதேசம்” என்ற பகுதி தமிழாசிரியனாகிய என் தலையிலே கட்டப்பட்டது. கமரன் அம்மையாரைப் பற்றி வாசித்திருந்த பெருமிதத்தில், அவர் 1878 இல் களுத்துறையில் எடுத்த படமொன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரிலே தொங்கவிட்டேன். அதன் கீழே அம்மையாரின் பிறப்பு, இறப்பு, புகழ் யாவற்றையும் என்னாலியன்ற செந்தமிழில் எழுதி வைத்தேன். (கமரன் கண்டுபிடித்ததாற்றான் கருவிக்குக் கமரா என்று பெயர் வந்ததா என ஒரு பையன் கேட்டான். அவனைத் திருத்துவதற்குள் அந்தச் செய்தி வகுப்பு முழுவதும் பரவிவிட்டது.)

பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி படத்தையும் பார்த்தாள். என் செந்தமிழையும் பொறுமையாக வாசித்தாள். பிறகு கேட்டாள்:

“சேர், எடுத்தவங்க பேரு இருக்கு. இந்தப் புள்ளைக்குப் பேரு இல்லியா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்திலே ஒரு சிறுமி இருக்கிறாள். ஒரு முதியவர் இருக்கிறார். களுத்துறைக் குடியானவர் குழு என்பது அம்மையார் தம் கையால் எழுதிய தலைப்பு. சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று கூறுகிறார் என்றும், தமக்கு நூறு வயது என்று சொல்லிக்கொள்கிறார் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, உறவு இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. அவர்கள் சிங்களரா தமிழரா என்பதைக்கூட அக்குறிப்புச் சொல்லவில்லை.

அக்கேள்விக்குப் பின், நான் முன்பு வாசித்திருந்த புகைப்பட வரலாற்றை மறுபடியும் வாசிக்க வேண்டியவனானேன். கண்டுபிடித்தவர்கள், காப்புரிமை பெற்றவர்கள், பதக்கம் வாங்கியவர்கள் என்று பெயர்ப் பட்டியலாகவே அதனை நான் அறிந்திருந்தேன். படத்துக்குள் நின்றவர்களைத் தேடி வாசித்தபோது அது வேறொரு வரலாறாக விரிந்தது.

பிரான்சிலே லூயி டாகர் என்பவர் 1838 இல் தம் சாளரத்தினூடாகப் பாரிசின் தம்பிள் பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் மாந்தருமாகக் கலகலத்துக் கிடந்த தெரு அது. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், அசைந்தவர் எவரும் தகட்டிலே பதியவில்லை. ஒரே ஒரு மூலையிலே மட்டும் மனிதச் சாயல் தெரிகிறது. ஒருவன் பெட்டிமேற் காலைத் தூக்கி வைத்து நிற்கிறான். அவன் காலடியிலே சப்பாத்துத் துடைக்கும் தொழிலாளி. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலே டாகரைச் சந்தித்து இப்படத்தைக் கண்ட அமெரிக்கராகிய மோர்ஸ் (தந்திக் குறியீட்டை அமைத்த அதே மோர்ஸ்), நின்றவனின் சப்பாத்தும் கால்களும் துலக்கமாயுள்ளன, தலையும் உடலும் அசைந்தமையால் மறைந்துவிட்டன என்று வியந்து எழுதினார். துடைத்தவனின் கைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேலை செய்த கை எப்படிப் பதியும்?

புகைப்படத்திலே முதன்முதற் பதிந்த மனிதர் என்று இன்று சொல்லப்படுவோர் இந்த இருவருமே. இருவருக்கும் பெயரில்லை. நிற்பதற்கு நேரமுள்ளவன் தெளிவாகவும், அவன் காலடியிற் குந்தி உழைத்தவன் மங்கலாகவும் தெரிகின்றமை இரசாயனத்தின் விளைவேயன்றி எவருடைய சதியுமன்று. ஆனால் அந்த இரசாயனம் சமுதாயத்தை எத்துணை உண்மையாகப் படமெடுத்துவிட்டது!

டாகரின் முறையைச் சற்று விளக்க வேண்டும். வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோலத் துலக்கி, அயடீன் ஆவியிற் காட்டி, கமராவில் ஒளிபடச் செய்து, பின்னர் சூடேற்றிய இரசத்தின் ஆவியிலே பிடிப்பர். மறைந்திருந்த உருவம் மெல்ல மேலெழும். ‘புகைப்படம்’ என்ற நம் சொல் இந்த ஒரு முறைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. அந்தப் புகை மனிதனைக் கொல்லும் நஞ்சு என்பது வேறு விடயம். இவ்வாறு பிறந்த படம் ஒன்றே ஒன்று, அதற்குப் பிரதியில்லை. பட்டுத்துணி வைத்த சிறு பேழையிலே நகைபோல வைத்துப் பேண வேண்டும். 1839 ஆகஸ்ட் 19 ஆந் திகதி பிரெஞ்சு அரசு இம்முறையை உலகறிய வெளியிட்டது. அதற்கு ஈடாக டாகருக்கு ஆண்டொன்றுக்கு 6000 பிராங்கும், அவருக்கு முன்னரே இத்துறையில் உழைத்து மாண்ட நியெப்ஸின் மகனுக்கு 4000 பிராங்கும் வாழ்நாள் உபகாரச் சம்பளமாக வழங்கப்பட்டன.

இங்கிலாந்திலே ஃபொக்ஸ் டல்போட் என்ற நிலச்சுவாந்தர் வேறு வழி கண்டார். தாளிலே எதிர்ப்படம் ஒன்றை உண்டாக்கி, அதிலிருந்து எத்தனை நேர்ப்படமும் எடுக்கலாம் என்பது அவர் முறை. கண்டவர் அதனைக் காப்புரிமை என்னும் வேலிக்குள் அடைத்து, பயன்படுத்துவோரிடம் பணம் அறவிட்டார். அந்த வேலியை உடைத்தவர் பிறெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர். அனாதையாக வளர்ந்து, வெள்ளி வேலை பழகி, சிற்பியானவர். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை 1851 இல் எவ்விதக் காப்புரிமையும் கோராமல் ஏட்டிலே வெளியிட்டார். உலகமெங்குமுள்ள படப்பிடிப்பாளர் அதனால் வாழ்ந்தனர். ஆர்ச்சரோ 1857 இல் வறியவராகவே இறந்தார். விஞ்ஞான வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த மனிதருள் இவரும் ஒருவர்.

கமரன் அம்மையார் கையாண்டது ஆர்ச்சரின் முறையே. 1863 இன் இறுதியிலே மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். தகட்டிலே கொலோடியனை ஊற்றிச் சீராகப் படரவிட வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன்னே, அதாவது சில நிமிடங்களுள், படத்தை எடுத்து இருட்டறைக்கு ஓடி வந்து உருத்தோன்றச் செய்ய வேண்டும். பின்பு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கொலோடியனோ ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்த சரக்கு. வெப்பங் கண்டால் ஆவியாய்ப் பறக்கும். இங்கிலாந்தின் குளிரிலேயே தொல்லை தந்த இத்தொழிலைக் களுத்துறை வெயிலிலே செய்வதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை.

கண்ணாடியிலுள்ள எதிர்ப்படத்தைத் தாளிலே மாற்றுவதற்கு முட்டை வெண்கரு பூசிய தாள் பயன்பட்டது. இதைப் படித்தபோது நான் சற்றுத் திகைத்துப் போனேன். ஜெர்மனியின் திறெஸ்டன் நகரிலே இத்தாளைச் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 1888 இல் அங்கேயிருந்த ஒரு நிறுவனம் மாத்திரம் ஏறக்குறைய 60 இலட்சம் முட்டைகளைச் செலவிட்டது. முட்டையை உடைத்து வெண்கருவைப் பிரிப்பதும், புளித்த வெண்கருவிலே தாளைத் தாளாக மிதக்கவிட்டு எடுப்பதும் பெண் தொழிலாளரின் வேலை. பெருமக்களின் திருமுகங்கள் இன்றுவரை மங்காமல் மின்னுவதற்கு அவர்களுடைய கைகளும் காரணம். அவர்களுள் ஒருத்தியின் பெயரும் எந்தப் படத்தின் பின்புறத்திலும் அச்சாகவில்லை.

டெனிசனும் டார்வினும் ஹேர்ஷலும் கார்லைலும் அம்மையாரின் கமராமுன் அமர்ந்தனர். பெருமக்கள் வராத நாட்களிலே வீட்டுப் பணிப்பெண்களையே மாதாவாகவும் காவியத் தலைவியராகவும் வேடமிட்டு நிறுத்தினார். மேரி ஹில்லியர், மேரி றயன் என்று அவர்கள் பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். மேரி றயனின் கதை சுவையானது. பிச்சையெடுத்த ஐரிஷ்காரத் தாயொருத்தியின் மகள் அவள். அவளுடைய படத்தைக் கண்டு காதலுற்ற ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் 1867 இல் அவளை மணந்தார். இந்தியாவிலே உத்தியோகம் பார்த்து அசாமின் தலைமை ஆணையாளராக உயர்ந்த கொட்டன், அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலியை உயர்த்த வேண்டுமென வாதாடித் துரைமாரின் பகையைத் தேடிக்கொண்டார். 1904 இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார். பிச்சைக்காரியின் மகளை மணந்ததனாற்றான் அவருக்குக் கூலியாட்களின் நோவு தெரிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆதாரமில்லாமல் அவ்வாறு எழுதலாகாது.

இங்கிலாந்துப் பணிப்பெண்ணுக்குப் பெயரிருக்க, களுத்துறைச் சிறுமிக்கு ஏன் இல்லாது போயிற்று?

கமரன் குடும்பத்தின் வருவாயிற் பெரும்பங்கு இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலிருந்தே வந்தது. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்க வேண்டுமென்று பரிந்துரைத்த ஆணைக்குழுவிலே இருந்தவர் சார்ள்ஸ் கமரன். அவரே பின்னர் இந்நாட்டிலே பெரும் நிலவுடைமையாளரானார். தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வந்த நம் பாட்டன் பாட்டிமார் அத்தோட்டங்களிலே கோப்பி பறித்தனர். ஆகவே அந்த அழகிய கண்ணாடித் தகடுகளை வாங்கிய பணத்திலே அவர்களின் வியர்வையும் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. 1869 இலே இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியது. 1875 இல் கமரன் தம்பதியர் இங்கிலாந்தைவிட்டு இலங்கைக்கு வந்தனர். வரும்போது இரண்டு சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தனராம்!

மரியான் நோர்த் என்ற தாவர ஓவியர் 1877 இல் களுத்துறைக்கு வந்து அம்மையாரோடு தங்கினார். அவர் எழுதி வைத்துள்ள நினைவுகள் நகைச்சுவை மிக்கவை. தம்மைக் கம்பளிப் போர்வைகளாற் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையிலே குத்த, 96 பாகை வெக்கையிலே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி அம்மையார் கட்டளையிட்டார் என்கிறார். அதே பக்கத்திலே வேறொரு செய்தியும் வருகிறது. உள்ளூரவர் சிலரை அம்மையார் படமெடுத்தார். அவர்களுள் ஒருவனுடைய முதுகு மிக அற்புதமாயிருந்ததாம். அந்த முதுகுக்காகவே அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டுமென்று மகனிடம் பிடிவாதம் பிடித்தார். அவரிடம் தோட்டமும் இல்லை; அவனுக்கு அச்சொல்லின் பொருளும் தெரியாது.

வாசிக்கும்போது நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபின் நெஞ்சிலே ஏதோ உறுத்தியது. முதுகு நினைவிருக்கிறது, முகமும் பெயரும் இல்லை. இங்கிலாந்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர் இலங்கையிலே எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்குங் குறைவே. 1879 ஜனவரி 26 ஆந் திகதி டிக்கோயாவிலே, கிளென்கேர்ன் தோட்டத்திலே அவர் இறந்தார். அவருடைய இலங்கைப் படங்களிலே மரியான் நோர்த்துக்குப் பெயருண்டு. உழைக்கும் மக்கள் ஊராகவும் இனமாகவும் கூட்டமாகவுமே நிற்கிறார்கள்.

பெயர் எழுதப்பட்டிருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டிருக்குமா? இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது இன்னொரு தந்தையும் மகளும் உள்ள படங்களைப் பற்றி அறிந்தபோது. 1850 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவிலே, ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி அகாசி, கறுப்பினத்தார் வேறொரு படைப்பு என்னும் தம் கொள்கையை நிலைநாட்டுவதற்காக அடிமைகளைப் படமெடுக்கச் செய்தார். ஸீலி என்ற படப்பிடிப்பாளர் டாகர் முறையிலே அவர்களின் ஆடையை அகற்றி எடுத்தார். அந்தத் தகடுகளோடு பெயர்ச்சீட்டு இருக்கிறது. றென்றி, அவர் கொங்கோவைச் சேர்ந்தவர். டீலியா; அவர் றென்றியின் மகள். இன்னாருடைய தோட்டத்து அடிமை என்பதும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுக்குச் சுடும் குறியைப் போன்றது அந்தப் பெயர். 1976 இல் ஹார்வர்டின் அரும்பொருட்சாலையிலே இத்தகடுகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. றென்றியின் வழித்தோன்றல் என்று கூறிய ஒரு பெண் 2019 இல் வழக்குத் தொடர்ந்தார். ஈற்றில் 2025 இலேதான், அத்தகடுகளைத் தென் கரோலினாவிலுள்ள ஆபிரிக்க அமெரிக்கர் அரும்பொருட்சாலைக்கு ஒப்படைக்கும் இணக்கம் ஏற்பட்டது. 175 ஆண்டுகள்!

அதே அமெரிக்காவிலே அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சொஜோர்னர் றூத் என்ற மாது இப்புதிய கலையை எவ்வாறு கைக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1854 இல் பாரிசிலே திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டிலே எட்டுப் படங்களை எடுத்து வெட்டி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரிச் சீட்டின் அளவு, மலிவான விலை. மத்திய வர்க்கத்தார் அரசர்களின் படத்தையும் தம் படத்தையும் ஒரே ஆல்பத்திலே செருகி மகிழ்ந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத சொஜோர்னர் றூத் தம் உருவப்படத்தை இச்சீட்டுகளிலே அச்சிட்டு, கூட்டங்களிலே விற்று, அந்த வருவாயிலே வாழ்ந்தும் போராடியும் வந்தார். நிழலை விற்று உடலைத் தாங்குகிறேன் என்ற கருத்தைச் சீட்டிலேயே பொறித்தார். 1864 இல் படத்தின் பதிப்புரிமையைப் படப்பிடிப்பாளர் பெயரிலன்றித் தம் பெயரிலேயே பதிவு செய்தார். கமரன் அம்மையாரும் அதே காலத்திலே தம் படங்களை இலண்டனிலே பதிவு செய்துகொண்டிருந்தார். ஒருவர் எடுத்தவர், மற்றவர் எடுக்கப்பட்டவர்.

எடுக்கப்பட்டவருக்குப் படம் துணையாவதும் உண்டு, பகையாவதும் உண்டு. 1871 இல் பாரிஸ் கம்யூன் தொழிலாளர் தெருத் தடுப்பரண்கள் மீதும், மே 16 ஆந் திகதி தாம் வீழ்த்திய வாந்தோம் தூணருகிலும் தோளோடு தோள் சேர்ந்து நின்று படமெடுத்துக்கொண்டனர். தம் வாழ்வில் முதற்றடவையாக வரலாற்றின் நடுவே நிற்கிறோம் என்ற மகிழ்ச்சி அம்முகங்களிலே தெரிகிறது. அந்த மாத முடிவிலே கம்யூன் குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. அதன்பின் அதே படங்களை வைத்துக்கொண்டு பொலிசார் முகம் முகமாகத் தேடினர்.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய படம் இருக்கிறது. என் அப்பாயியின் அக்காள் குடும்பம் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970களிலே இந்தியாவுக்குப் போனது. ‘ஒப்பாரிக் கோச்சி’ ஏறுவதற்கு முந்தின வாரம் எல்லோருமாக ஹற்றன் பட்டினத்துக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் அது. பதினொரு பேர். கடன் வாங்கிய சட்டையிலே ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாயி இருக்கும்வரை நான் ஒருநாளும் அவரிடம் அதைக் கொடுத்து இவர் யார், அவர் யார் என்று கேட்டதில்லை. பல்கலைக்கழகத்திலே சங்கப் புலவர்களுள் பெயர் தெரியாதோரைப் பற்றிக் கட்டுரை எழுதிய நான்!

கண்காட்சிக்கு மறுநாள், படத்தின் கீழே என்ன எழுதலாமென்று வகுப்பிலே கேட்டேன். “லெட்சுமி”ன்னு நாமே ஒரு பேரு வைப்போம் என்றான் ஒருவன். “பொய்ப் பேரு வேணாம்” என்றாள் முதலிற் கேள்வி கேட்ட மாணவி. பெயர் தெரியவில்லை என்று எழுதலாம் என்றேன். “தெரியல்லன்னா, தேடினமாதிரி இருக்கு சேர்.” பெயர் எழுதப்படவில்லை என்றேன். செயப்பாட்டு வினையை அந்த வாரந்தான் கற்பித்திருந்தேன். பின்வாங்கிலிருந்து குரல் வந்தது: “யாரால?”

என் செந்தமிழ்க் குறிப்பைக் கழற்றினோம். அம்மாணவியே தன் கையால் புதிதாக எழுதினாள். படம் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். படத்திலுள்ளவர் 12 வயதுச் சிறுமியும் அவள் தந்தையும். அவர்கள் பெயரைக் கமரன் எழுதி வைக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஹற்றன் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அம்மாவை அருகே அமர்த்திப் பின்புறத்திலே பென்சிலால் பெயர்களை எழுதத் தொடங்கினேன். ஒன்பது பெயர்கள் வந்தன. ஒரு கிழவியின் பெயர் அம்மாவுக்கு உறவுமுறையாக மட்டுமே தெரிந்திருந்தது. இரண்டாம் வரிசையின் ஓரத்திலே, அசைந்ததனால் முகம் கலங்கி நிற்கும் பையன் யாரென்று அம்மாவுக்கு நினைவில்லை. கோத்தகிரியிலிருக்கும் உறவினருக்குப் படத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறேன். கிழவியின் பெயர் காத்தாயி என்று பதில் வந்தது. பையனைப் பற்றி அங்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.